பம்ப் ஹவுஸும் கதைப் புத்தகமும்

கேள்வி: “ஐயா, நான் தண்டையார்பேட்டை. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்துவிட்டு மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஆறு வார இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். மெயின்டனன்ஸில் போட்டிருக்கிறார்கள். மெட்ரோவில் தேரடி வரை போய், அங்கிருந்து பஸ். எட்டாம் வகுப்பிலிருந்து எனக்குக் கதைப் புத்தகம் படிக்கும் பழக்கம். இந்த வருடம் முப்பது புத்தகம் முடிப்பதாக டைரியில் எழுதி வைத்தேன். ஜூன் வந்துவிட்டது, ஒன்பதுதான் ஆகியிருக்கிறது. பிளான்ட்டில் பாதி நேரம் ‘இங்கேயே இரு, கூப்பிடுறோம்’ என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். போன வாரம் பம்ப் ஹவுஸ் ஓரமாக உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, ‘கதை படிக்கவா கேட் பாஸ் வாங்கினே?’ என்று எல்லார் எதிரிலும் கேட்டுவிட்டார். அப்பா ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறார். அவரும் ‘வேலைக்கு உதவுற புக்கைப் படிடா’ என்கிறார். ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் தூக்கம். போனை எடுத்தால் மட்டும் ஒரு மணி நேரம் போய்விடுகிறது. இன்டர்ன்ஷிப் முடியும்வரை கதைப் புத்தகத்தை மூட்டை கட்டி வைத்துவிடவா? என் பெயர் போட வேண்டாம்.”

பதில்:

தம்பி, மூட்டை கட்ட வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம். ஆனால் உங்கள் சூப்பர்வைசர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாலு பேர் எதிரில் கேட்டிருக்க வேண்டாம். மற்றபடி அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

1986இல் நான் மணலியில் ஓர் ஆலையில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் தண்ணீர் சுத்திகரிப்புப் பிரிவு. ஒரு நாள் சி ஷிஃப்ட், ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை. எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: மேல்நிலைத் தொட்டி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அந்தத் தொட்டிக்கு அலாரம் கிடையாது. உள்ளே ஒரு மிதவை, அதிலிருந்து ஒரு கம்பி, வெளியே ஸ்கேல், ஸ்கேலில் நகரும் ஒரு முள். முள் சிவப்புக் கோட்டுக்கு வந்ததும் பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். அன்று என் பையில் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கவிடும் மாத நாவல் ஒன்று இருந்தது. கொலைகாரன் யார் என்று தெரிய இன்னும் பத்துப் பக்கம். அந்தப் பத்துப் பக்கத்துக்குள் தொட்டி வழிந்து, தண்ணீர் கேபிள் டிரெஞ்சில் இறங்கி, தாழ்வான இடத்தில் இருந்த ஒரு மோட்டாரை நனைத்துவிட்டது. மோட்டாரின் மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்த்தார்கள். இன்சுலேஷன் மதிப்பு அடியோடு விழுந்திருந்தது. காயவைத்து மறுபடி ஓட்ட அடுத்த நாள் மத்தியானம் ஆயிற்று. ஸ்டாண்ட்பை மோட்டார் இருந்ததால் நான் பிழைத்தேன்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் கத்தவே இல்லை. புத்தகத்தை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். காலை ஆறு மணிக்கு கேட்டில் வைத்து என் கையில் கொடுத்து, “கொலைகாரன் யாருன்னு பஸ்ல போய்ப் பாத்துக்கோ” என்றார். நான் விட்ட பக்கத்தில் பழைய கேன்டீன் டோக்கன் ஒன்றை வேறு செருகி வைத்திருந்தார். அந்த மனுஷனும் படிக்கிற ஆள் என்று எனக்குத் தெரியவந்தது அப்போதுதான். எப்போது படிப்பார் என்று பிறகு கவனித்தேன். கேன்டீனில், டீ ஆறும் வரைக்கும். அதைத் தாண்டி ஒரு பக்கம் கூடப் புரட்டி நான் பார்த்ததில்லை.

உங்கள் விஷயத்தில் எதுவும் வழியவில்லை, சரி. ஆனால் முதல் நாள் சேஃப்டி வகுப்பில், காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட் சாக்கைக் காட்டியிருப்பார்கள். வாயு கசிந்து சைரன் அடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக நடந்து அசெம்பிளி பாயிண்ட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். ரசாயன ஆலைகள் நெருங்கி நிற்கும் மணலி பெல்ட்டில் அதைச் சடங்குக்காகச் சொல்வதில்லை. பம்ப் ஹவுஸில் ஏற்கெனவே பக்கத்தில் பேசுவது கேட்காது. அங்கே ஒரு பையன் கதைக்குள் மூழ்கி உட்கார்ந்திருந்தால், முதுகுக்குப் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. அப்படி ஏதாவது ஆகியிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர், உங்கள் பாஸில் கையெழுத்துப் போட்டவர். அவர் பயந்திருக்கிறார். நம் ஊரில் மேஸ்திரி பயந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரிக்கு வருகிறேன். அது புத்தகத்தைப் பற்றியது இல்லை. ‘பாதி நேரம் உட்கார வைத்துவிடுகிறார்கள்’ என்ற வரி. கிட்டத்தட்ட எல்லா இன்டர்னும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஏன் உட்கார வைக்கிறார்கள் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டும் என்றே அவர்களுக்குத் தோன்றாது.

காலை எட்டு மணிக்கு வேலை தொடங்குகிறது என்பார்கள். ஸ்பேனர் நட்டைத் தொடுவதற்குப் பத்து, பத்தரை ஆகிவிடும். நடுவில் என்ன நடக்கிறது? ஒரு பம்ப்பைக் கழற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின்டனன்ஸ் ஆள் பெர்மிட், அதாவது வேலைக்கான அனுமதித் தாள், எழுதுவார். அதை எடுத்துக்கொண்டு புரொடக்‌ஷன் ஆளிடம் போவார். அவர் அந்த பம்ப்பை நிறுத்தி, ஸ்டாண்ட்பை பம்ப்பை ஓடவிட்டு, சக்‌ஷன் வால்வையும் டிஸ்சார்ஜ் வால்வையும் (திரவம் உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி) மூடி, உள்ளே இருக்கிற திரவத்தை வடித்துவிட வேண்டும். எலெக்ட்ரிகல் ஆள் வந்து கரன்ட்டைத் துண்டித்து, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி பூட்டுப் போட்டு டேக் கட்டுவார். தீப்பிடிக்கும் சரக்கு ஓடும் லைன் என்றால் கேஸ் டெஸ்ட் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கையெழுத்து. ஒரு கையெழுத்துக்காரர் மீட்டிங்கில் இருந்தால் எல்லாரும் உட்கார வேண்டியதுதான். நீங்கள் வெட்டியாக உட்கார்ந்திருப்பதாக நினைத்த அந்த இரண்டு மணி நேரத்தில், ஒரு ஆள் கையை இழக்காமல் இருப்பதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இதைப் பாடமாக எடுத்தால் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுவார்கள். பெர்மிட் தாளோடு கூடவே நடந்து பாருங்கள். “அண்ணே, நானும் கூட வரட்டா?” என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தனியாக நடக்கிறதை விடப் பேச்சுத்துணை அவர்களுக்கும் பிடிக்கும்.

அதோடு இன்னொன்று செய்யுங்கள். ஆறு வாரத்தில் ஆலை முழுவதையும் தெரிந்துகொள்ளப் பார்க்காதீர்கள், முடியாது. ஒரே ஒரு பம்ப்பைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே அந்த பம்ப் ஹவுஸ் உங்களுக்குப் பழக்கமாகிவிட்டதே! அங்கே ஏ, பி என்று ஜோடியாக நிற்கும். ஒன்று ஓடும், ஒன்று காத்திருக்கும். அதன் சக்‌ஷன் லைன் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, டிஸ்சார்ஜ் எங்கே போகிறது என்று கால் நடையாகவே தொடர்ந்து போய், நோட்டில் கையால் வரையுங்கள். எங்கே வால்வு, எங்கே குப்பையை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர், எங்கே பிரஷர் கேஜ். வரைந்ததை ஒரு ஃபிட்டரிடம் காட்டினால் சிரிப்பார், சிரித்துவிட்டுத் திருத்துவார். அந்தத் திருத்தம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

அப்புறம் கேளுங்கள். கேள் என்று நான் சொல்வது காதால். நன்றாக ஓடும் பம்ப்புக்கு ஒரே சீரான ரீங்காரம் உண்டு. ஒரு நாள் அதற்குள் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவது போலச் சத்தம் வரும். உள்ளே கல் ஒன்றும் இருக்காது. சக்‌ஷன் பக்கம் அழுத்தம் குறைந்து, திரவம் அங்கேயே ஆவியாகிக் குமிழ் விட்டு, அந்தக் குமிழ்கள் இம்பெல்லர் என்கிற சுழலும் சக்கரத்துக்குள் போய் நசுங்கி அடங்குகிற சத்தம் அது. கேவிட்டேஷன் என்று பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதியிருப்பீர்கள். ஸ்ட்ரெய்னர் அடைத்திருக்கலாம், வால்வை யாரோ பாதி திறந்து விட்டிருக்கலாம், தொட்டியில் மட்டம் இறங்கியிருக்கலாம். காரணத்தை நீங்களாக யோசித்துவிட்டு, பிறகு ஃபிட்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. கசிவை அடைக்க ஷாஃப்ட்டைச் சுற்றிக் கயிறு போலத் திணிக்கும் கிளாண்ட் பேக்கிங் போட்ட பழைய பம்ப்பில், ஷாஃப்ட் ஓரமாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். புதிதாக வருகிற பையன்கள் எல்லாரும் ‘சார், லீக்’ என்று ஓடி வருவார்கள். நானும் ஓடினேன். அது சொட்டத்தான் வேண்டும். அந்தச் சொட்டுதான் பேக்கிங்கைக் குளிர வைக்கிறது. சொட்டக்கூடாது என்று நட்டை இறுக்கினால் ஷாஃப்ட் மேல் உறை போல இருக்கும் ஸ்லீவ் சூடேறித் தேய்ந்துபோகும். எத்தனை சொட்டு சரி, எப்போது இறுக்க வேண்டும் என்பது பழைய ஃபிட்டருக்குக் கண்ணாலேயே தெரியும். ஆனால் அவர், மோட்டாரும் பம்ப்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் கப்ளிங் அலைன்மென்ட்டுக்கு டயல் கேஜ் வைத்திருக்கும்போது மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் படித்துக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் கேள்வி கேட்டு நான் வாங்கிய திட்டை இங்கே அச்சில் போட முடியாது.

சரி, இதையெல்லாம் பார்த்தும் சும்மா இருக்கும் நேரம் மிஞ்சத்தான் செய்யும். அந்த நேரத்துக்கு உங்களுக்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். மெயின்டனன்ஸ் ஆபீஸ் அலமாரியில், எண்ணெய்க் கை பட்ட அட்டையோடு, அந்த பம்ப்பின் மேனுவல் இருக்கும். திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசரிடம் போய் இவ்வளவு சொன்னால் போதும்: “சார், அன்னிக்கு பம்ப் ஹவுஸ்ல உட்கார்ந்து படிச்சது தப்புதான். வேலை இல்லாத நேரத்துல ஆபீஸ்ல உட்கார்ந்து பம்ப் மேனுவல் பார்க்கலாமா?” விளக்கமெல்லாம் வேண்டாம், நூறு மன்னிப்பும் வேண்டாம். மேனுவலில் கடைசியில் ஒரு அட்டவணை இருக்கும்: இன்ன கோளாறு தெரிந்தால் இன்னின்ன காரணமாக இருக்கலாம் என்று. துப்பறியும் கதை பிடிக்கும் என்றால் அதுவும் பிடிக்கும். ஆள் யாரென்று அதிலும் கடைசி வரை தெரியாது. உங்கள் அப்பா கேட்ட ‘வேலைக்கு உதவுற புக்’ இதுதான். அது பகலுக்கு. அதோடு அவர் கணக்கு தீர்ந்தது.

ராத்திரிக்கு உங்கள் கதைப் புத்தகம். அதற்கு யாரிடமும் நியாயம் சொல்ல வேண்டாம். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நானே பல வருடம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டிரெய்னிங் பொறுப்பில் இருந்தபோது, நாவல் படித்தால் பேச்சு நன்றாக வரும், இன்டர்வியூவில் உதவும் என்றெல்லாம் பையன்களிடம் சொல்வேன். பெற்றோர் வந்தாலும் அதையே சொல்வேன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படிப் படித்த எவனும் இரண்டாவது புத்தகத்தைத் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை. பலனைத் தேடிப் படிக்கிறவனுக்குப் பலன் தாமதமானால் சலித்துவிடுகிறது. நீங்கள் எட்டாம் வகுப்பில் எந்த இன்டர்வியூவுக்காகவும் படிக்கவில்லை. அந்தப் பழக்கத்தை இப்போது அப்பாவுக்காகப் பயனுள்ளதாக மாற்றப் போய்க் கெடுத்துவிடாதீர்கள். இருந்தாலும் ஓர் எச்சரிக்கை: ரெஸ்யூமேயில் பொழுதுபோக்கு என்று ‘வாசிப்பு’ எழுதினால், கடைசியாக என்ன படித்தீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். நான் உட்கார்ந்த பேனல்களில் நான்தான் கேட்பேன். பாதிப் பேர் ஏசி அறையிலும் வியர்ப்பார்கள்.

முப்பது புத்தகக் கணக்கை இன்றைக்கே அடித்துவிடுங்கள். சுந்தரர், சங்கிலியாரிடம் பிரிய மாட்டேன் என்று மகிழமரத்தடியில் சத்தியம் செய்த ஊர் திருவொற்றியூர். சத்தியத்தை மீறி எல்லை தாண்டியவருக்குக் கண் போயிற்று என்பது புராணம். உங்கள் டைரிச் சத்தியத்தை மீறினால் அப்படி ஒன்றும் ஆகாது, தைரியமாக மீறுங்கள். எண்ணிக்கை வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? கடையில் புத்தகத்தை எடுத்ததும் கை முதலில் கடைசிப் பக்க எண்ணைப் பார்க்கும். ஒல்லியான புத்தகமாகத் தேடுவீர்கள். பிடித்த பக்கத்தை இன்னொரு முறை படிக்க மனம் வராது, ‘நேரமாகிறது’ என்று தோன்றும். ரீடிங் எடுத்து எழுதி வைக்கிற வேலைக்குத்தான் பிளான்ட்டில் லாக் புக் இருக்கிறது.

இப்போது தூக்கம். இரண்டு பக்கத்தில் தூங்கிவிடுகிறீர்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். கத்திரி முடிந்தும் வெயில் இறங்காத ஜூன் மாதத்தில், ஹெல்மெட்டும் சேஃப்டி ஷூவும் போட்டு எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் உடம்பு தூங்காமல் என்ன செய்யும்? இரண்டு பக்கம் படித்துத் தூங்குவது நல்ல தூக்கம். அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புத்தகத்தை மட்டும் மாற்றுங்கள். ஐந்நூறு பக்க நாவலில் தினம் இரண்டு பக்கம் போனால், யார் யாருக்கு மாமன் என்றே மறந்துவிடும். இந்த ஆறு வாரத்துக்குச் சிறுகதைத் தொகுப்பு வையுங்கள், அல்லது ஏற்கெனவே படித்துப் பிடித்த பழைய நாவலை. தெரிந்த கதையில் எந்தப் பக்கத்தில் தூங்கினாலும் நஷ்டமில்லை. புது நாவலை, அதுவும் தடிமனானதை, ஜூலைக்கு வையுங்கள்.

போனைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்குத் தகுதியில்லை. பேரன் வீடியோ என்று ஆரம்பித்து நானே பதினோரு மணி வரை பார்க்கிறேன். களைத்த மனம் எதையும் கேட்காத பொருளைத் தேடிப் போகிறது, அவ்வளவுதான் விஷயம். எனக்குப் பலித்த ஒரே வழி இது: சார்ஜரைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி, சுவிட்ச் எட்டாத பக்கம் மாட்டிவிட்டேன். தலையணைக்குக் கீழே புத்தகம். எழுந்து போய்ப் போனை எடுக்கச் சோம்பலாக இருக்கும். நம் சோம்பலை நம்பலாம், அது நம்மை ஏமாற்றாது.

தண்டையார்பேட்டை வீடுகள் எனக்குத் தெரியும். ஒரு ஹால், ஒரு சமையலறை, எட்டு மணிக்கு டிவியில் சீரியல். அதற்குள் உட்கார்ந்து படி என்று சொல்வது சுலபம். மொட்டைமாடியில் தெருவிளக்கு வெளிச்சம் விழுகிற மூலை ஒன்று இருக்கும், குளித்துவிட்டு அங்கே போங்கள். கடல்காற்று ஏழு மணிக்கு மேல் நன்றாகவே வரும். அல்லது காலையில். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததில் உங்களுக்குக் கிடைத்த லாபம் அந்த நான்கு ஸ்டேஷன். பத்து நிமிஷ விஷயம்தான்; ஒரு சிறுகதையில் பாதி போகும். தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் ஏறி, வண்டி மேலே வந்து வெளிச்சம் விழும்போது தலையை நிமிர்த்திக் கடல் பக்கம் பாருங்கள், பிறகு தொடருங்கள். தேரடியில் இறங்கியபின் மணலி பஸ்ஸில் மட்டும் படிக்க வேண்டாம். கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட அந்த ரோட்டில் எழுத்து எல்லாம் குதிக்கும். தலைவலியோடு பிளான்ட்டுக்குள் நுழைவீர்கள். அங்கே சும்மா வேடிக்கை பாருங்கள், அல்லது ஐந்து நிமிஷம் கண்ணை மூடுங்கள்.

நாவல் பையிலேயே இருக்கட்டும், ஆனால் பை லாக்கரில் இருக்கட்டும். கேன்டீனில் சாப்பாடு முடிந்து மிச்சமிருக்கும் நேரத்தில் எடுக்கலாம். போனில் இருக்கும் மின்நூலை நம்பி மட்டும் போகாதீர்கள். தீப்பிடிக்கும் சரக்கு இருக்கும் ஆலைகளில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சாதாரணப் போனில் வரும் சின்னப் பொறிகூட அங்கே ஆபத்து என்பதால். வீட்டில் படிக்க என்றால் மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. ஆனால் போனில் புத்தகம் திறந்தவன் எங்கே போய் முடிகிறான் என்பது உங்களுக்கே தெரியும்.

காகிதப் புத்தகத்துக்குச் செலவு வேண்டியதில்லை. வீட்டு வரி கட்டும்போது அதோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் போகிறது. வாடகை வீடு என்றால் உங்கள் வாடகையில் அது ஒளிந்திருக்கிறது. ஆகவே உங்கள் ஏரியா கிளை நூலகத்தில் இருக்கும் புத்தகத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள். உறுப்பினராகவில்லை என்றால் இந்த ஞாயிற்றுக்குள் ஆகிவிடுங்கள். திறந்திருக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் வாசலில் எழுதியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். அரை நாள் கிடைத்தால் எழும்பூர் கன்னிமாராவுக்குப் போய் வாருங்கள். 1896இல் திறந்தது. நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று. அங்கிருந்து திரும்பும் வழியில் சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்தில் பழைய புத்தகக் கடைகளையும் எட்டிப் பார்க்கலாம். நான் மாணவனாக இருந்தபோது அவையெல்லாம் மூர் மார்க்கெட்டில் இருந்தன. 1985இல் அது எரிந்த செய்தி கேட்டு, இறுதி ஆண்டுப் பரீட்சைக்கு ஒரு வருடம் முன்பு, நான் போய் நின்ற இடத்தில் ஈரச் சாம்பல் வாசனை. அங்கே ஐம்பது காசு குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிவிட்டு வாங்காமல் வந்த புத்தகம் ஒன்று இன்னும் என் நினைவில் இருக்கிறது. அதனால் பேரம் பேசுங்கள், ஆனால் வாங்கிவிடுங்கள்.

அப்பா விஷயம். டிரெய்லர் ஓட்டுகிறார் என்றீர்கள். ஹார்பர் கேட்டுக்கு வெளியே வரிசையில் வண்டியைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில், சில நாள் ராத்திரி முழுக்கக் காத்துக்கிடப்பதும் அவர் வேலையில் சேர்த்திதான். அந்த நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்க விளம்பரம் வரை படிக்கிற டிரைவர்கள் எனக்கு நிறையத் தெரியும். படக்கதையை ஒரு நாள் தவறவிட்டால் பக்கத்து வண்டிக்காரரிடம் போய்க் கேட்பார்கள். அவரிடம் வாக்குவாதம் செய்ய வேண்டாம். ராத்திரி சாப்பிடும்போது பம்ப் ஏன் கூழாங்கல் சத்தம் போடுகிறது என்று சொல்லுங்கள். இன்ஜின் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிறவர் அவர். உங்களைவிட நன்றாகப் புரிந்துகொள்வார், இரண்டு கேள்வியும் கேட்பார். பையன் வேலையைக் கவனிக்கிறான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், மொட்டைமாடியில் என்ன படிக்கிறீர்கள் என்று பார்க்க அவர் ஏறி வரப்போவதில்லை. அவர் கேட்டு வாங்கினால் ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கேபினில் வைத்துக்கொள்ளக் கொடுங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆறாவது வாரம் எல்லாம் மாறிவிடும். ரிப்போர்ட் எழுத வேண்டும், படம் போட வேண்டும், சர்டிஃபிகேட்டில் கையெழுத்து வாங்க ஹெச்ஆர் வாசலில் நிற்க வேண்டும், கல்லூரியில் வேறு ஒரு படிவம் கேட்பார்கள். அந்த வாரம் கதைப் புத்தகம் தொட முடியாது, தொட வேண்டாம். பம்ப்பை வரைந்த நோட்டு இருந்தால் ரிப்போர்ட்டில் பாதி அதிலேயே இருக்கும். நூலகப் புத்தகம் கையில் இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதியை மட்டும் ஐந்தாவது வாரமே பார்த்து, புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.